தண்ணி வளைவில் உடைந்த சத்தம்

அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு ஓய்வு பெற ஒரு வயது உண்டு. கிளாரினெட் ஊதுகிறவனுக்கு முன்பல் ஆட ஆரம்பிக்கிற நாள்தான் ஓய்வு நாள். எனக்கு மேல்வரிசையில் ஒரு பல் ஆடியபோதே விஷயம் புரிந்துவிட்டது. ஊதுவாயைப் பல்லால் பிடிக்க முடியாமல் உதட்டாலேயே இரண்டு மூன்று கல்யாணங்களைச் சமாளித்தேன். கடைசியில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தின் நடுவில் கிளாரினெட், கழுத்தைப் பிடித்த கோழி மாதிரி ஒரு சத்தம் போட்டது. குதிரையில் இருந்த மாப்பிள்ளையே திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தவன்தான். பல்செட் கட்டிக்கொண்டு ஊதலாமே என்று மனைவி யோசனை சொன்னாள். பல்செட் சோற்றுக்குச் சரி, சுருதிக்குச் சரிவராது.

போன மாதம், எங்கள் பேண்டில் இப்போது ஊதுகிற பையன்கள் நாலைந்து பேர் ஹட்டனில் என் தையல் கடைக்கு வந்தார்கள். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வர ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி வாங்கப் போகிறார்களாம். ஊர்வலத்தில் தூரத்தில் நிற்பவர்களுக்குச் சத்தம் எட்டவில்லை, எட்டினாலும் ஒன்றும் விளங்கவில்லை என்று குறை வருகிறதாம். எந்தக் கம்பெனிப் பெட்டி நல்லது என்று என்னைக் கேட்டார்கள். எனக்குக் கம்பெனி தெரியாது. பெட்டி வாங்குவதில் தப்பில்லை, ஆனால் கலங்கின சத்தத்தைப் பெட்டிக்குள் விட்டால் பெரிய கலங்கின சத்தம்தான் வெளியே வரும் என்று சொன்னேன். சிரித்தார்கள். அப்படியானால் நீங்களெல்லாம் பெட்டி இல்லாமல் எப்படித்தான் சமாளித்தீர்கள் என்று கேட்டார்கள். கையில் அவசரமாக முடிக்க வேண்டிய ஒரு கோட் இருந்ததால் அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் பேண்டுக்குள் வந்ததே தையல் வழியாகத்தான். கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற வேலையிலிருந்து அளவெடுக்கிற வேலைக்கு உயர்ந்திருந்த காலம். சவரிமுத்து மாஸ்டர் பேண்ட்காரர்களுக்குக் கோட் தைக்கத் துணி கொண்டு வந்திருந்தார். மார்பளவு எடுப்பதற்காக அவரை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். அவர் பிடித்தபடியே நின்றார். அளவெடுக்கும்போது நானும் கூடவே மூச்சைப் பிடித்துக்கொள்வது என் பழக்கம். நான் எழுதி முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஒனக்கு மூச்சு நல்லா நிக்குதே, ஞாயித்துக்கிழமை வா என்றார். போனேன். ஒரு பழைய கிளாரினெட்டைக் கையில் கொடுத்தார். பிறகு இரண்டு வருடம் வார நாட்களில் தையல், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே சுரத்தை நீட்டி நீட்டி ஊதுவது. அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்துக்காரர்களைக் கேட்டால் நிறையச் சொல்வார்கள்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கொழும்பில் ஒரு பெரிய பேண்டில் காலம் முழுக்க ட்ரம்பெட் ஊதிவிட்டு ஊருக்குத் திரும்பி, எங்களை மாதிரி கடைக்காரன், கொத்தனார், தோட்டத்து ஆள் எல்லாரையும் சேர்த்து ஒரு பேண்ட் உண்டாக்கியவர். ஒல்லியாக, உயரமாக இருப்பார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் எந்நேரமும் மடக்கிய கறுப்புக் குடை. எங்கள் ஊரில் எந்த நிமிடம் மழை வரும் என்று சொல்ல முடியாது என்பதால் மற்ற பேண்ட் மாஸ்டர்கள் கோலை ஆட்டுகிற இடத்தில் இவர் குடையை ஆட்டுவார். கோபம் வந்தால் திட்டமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். துடைக்கும்போது யாரையும் பார்க்கமாட்டார். அதனால் யார் தப்புச் செய்தது என்று தெரியாமல் பத்துப் பேரும் நான்தானோ என்று விழிப்போம். அவர் நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

ஊர்வலம் கிளம்புமுன் அவர் சுருதி பார்க்கிற முறை ஒருநாளும் மாறாது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நிற்பார். முதலில் யூபோனியம் என்கிற பெரிய பித்தளைக் குழல் மட்டும், அடிவயிற்றிலிருந்து ஒரு சுரம். அது ஆடாமல் நின்றதும் அதன்மேல் டிராம்போன். பிறகு சாக்ஸபோன், பிறகு ட்ரம்பெட், கடைசியில் கிளாரினெட்காரர்கள். கீழே இருந்து மேலே ஒவ்வொருவராக ஏறி உட்கார வேண்டும். யாருடைய சத்தமாவது தனியாகத் துருத்திக்கொண்டு கேட்டால் குடைக்கைப்பிடி மேலே போகும். எல்லாரும் நிறுத்துவோம். மறுபடியும் யூபோனியத்திலிருந்து ஆரம்பம். கல்யாண வீட்டார் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். மாஸ்டர் அசையமாட்டார். சத்தம் பெரிதாக வேண்டுமென்றால் பலமாக ஊதாதீர்கள், சேர்ந்து ஊதுங்கள் என்பதுதான் அவருடைய பாடம் முழுவதும். தனித்தனியாகக் கத்துகிற பத்துப் பேரைவிடச் சேர்ந்து ஊதுகிற நாலு பேரின் சத்தம் தூரம் போகும். கடைக்கு வந்த பையன்களுக்கு நான் அவசரத்தில் சொன்னதும் இதைத்தான்.

சேர்ந்து ஊதுவதற்குப் பெரிய எதிரி எங்கள் குளிர். நுவரெலியாவில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் போனோம். ஜனவரி மாதம், விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மைதானத்துப் புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி உறைந்து கிடந்தது. பித்தளை வாத்தியங்கள் லொறியின் பின்னால் திறந்த காற்றில் வந்திருந்தன. என் கிளாரினெட்டை நான் குளிருக்குப் பயந்து ஸ்வெட்டருக்குள் வைத்து, பிள்ளையை அணைக்கிற மாதிரி அணைத்துக்கொண்டு வந்திருந்தேன். ஒரு வகுப்பறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சுருதி பார்த்தோம், ஓரளவு சேர்ந்தது. மைதானத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்ததும் ட்ரம்பெட்டுகள் குளிரில் சுருதி இறங்கிக் கீழே போய்விட்டன. நாங்கள் கிளாரினெட்காரர்கள் மேலேயே நின்றோம். ஒரே பாட்டை இரண்டு பேண்ட் பக்கத்துப் பக்கத்து ரோட்டில் வாசிப்பதுபோல் இருந்தது. மாஸ்டர் ஆரம்பத்தில் கழற்றிய கண்ணாடியைக் கடைசிவரை போடவே இல்லை.

அதிலிருந்து சில பழக்கங்கள் வந்தன. எங்கே ஊதப் போகிறோமோ அங்கே நின்றுதான் சுருதி பார்க்க வேண்டும். தொடங்குமுன் எல்லாரும் வாத்தியத்துக்குள் சத்தம் வராமல் வெறும் மூச்சை விட்டுச் சூடேற்ற வேண்டும். பித்தளை ஊதுவாய்கள் உடம்போடு ஒட்டியே இருக்க வேண்டும். அதற்காக எல்லார் கோட்டுக்குள்ளும் இடது மார்புப் பக்கம் ஃபிளானல் துணியில் ஒரு பை வைத்துத் தைத்தேன். எங்கள் பேண்டின் சுருதிக்குத் தையல்காரனாக நான் செய்த முதல் உபகாரம் அது. ட்ரம்பெட் ஊதுகிற மணிக்கு மட்டும் அந்தப் பையில் நம்பிக்கை இல்லை. ஒருநாள் தேநீர்க் கடை அடுப்பில் ட்ரம்பெட்டைச் சூடு காட்டினான். ஈயம் இளகி ஒரு குழாய் தனியாகக் கையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவனும் பையில்தான் வைத்தான்.

இதெல்லாம் சின்னச் சிக்கல்கள். எங்களை உண்மையிலேயே ஆட்டி வைத்தது மஸ்கெலியாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்துத் திருவிழா.

அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் தேருக்கு வருடா வருடம் எங்கள் பேண்ட்தான். தேருக்கு முன்னால் காவடிகள், காவடிகளுக்கு முன்னால் நாங்கள். கோயிலிலிருந்து கிளம்பும் ரோடு தேயிலைக்கு நடுவே இறங்கி, நீர்த்தேக்கத்தின் ஓரமாகப் போகும். ஓர் இடத்தில் தண்ணீர் மலைக்குள் புகுந்து ஒரு கை நீட்டியிருக்கும். ரோடு அதைச் சுற்றி வளையும். அக்கரையில் மலை செங்குத்தாக நிற்கும். ஊரில் அதற்குத் தண்ணி வளைவு என்று பெயர். அதுவரை நன்றாக வாசித்துக்கொண்டு வருகிற எங்கள் பேண்ட் அந்த வளைவுக்குள் நுழைந்ததும் உடையும். பெரிய டிரம் ஒரு பக்கம் போகும், ஊதுகிறவர்கள் ஒரு பக்கம் போவோம். வளைவைத் தாண்டி யூக்கலிப்டஸ் மரங்களுக்குக் கீழே வந்ததும் எல்லாம் தானாகச் சேர்ந்துகொள்ளும். முதல் வருடம் நாங்களே சிரித்துக்கொண்டோம். அடுத்த வருடம், பின்னால் ஆடி வந்த காவடிக்காரர் ஒருவர் எந்தத் தாளத்துக்குக் காலை வைப்பது என்று தெரியாமல் தடுமாறி விழப் பார்த்தார். விரதமிருந்து அலகு குத்தி ஆடுகிற மனிதர். அது சிரிக்கிற விஷயம் இல்லை.

கோயில் தலைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கணக்கப்பிள்ளை. மலையில் ஆட்களை வேலை வாங்கிய அதே குரலில்தான் சாமி காரியமும் பேசுவார். தேர் கோயிலுக்குத் திரும்பியதும் மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் கூட நின்றேன்.

"பெரிய டிரம்காரரு தாளத்துல முந்தி ஓடுறாருங்க மாஸ்டர். எங்க தோட்டத்து ஆளுதான், இருந்தாலும் சொல்றேன். அவர மாத்துங்க. வர்ற வருசமும் இப்படி ஒடஞ்சா நான் கண்டியிலேருந்து பேண்ட் கொண்டாந்துருவேன்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

பெரிய டிரம் அடித்தவர் செல்வராஜ் அண்ணன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். அகலமான ஆள், டிரம்மை மாட்டினால் டிரம் சின்னதாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கிற ரோலர்களுக்கு நடுவில் இளமை முழுக்க வேலை செய்தவர். அந்த ஸ்டோரை மூடிவிட்டார்கள். மனைவி மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். இவர் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் கரட்டும் லீக்ஸும் போட்டுக்கொண்டு, எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்காகக் காத்திருப்பார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், அது மரியாதை என்று நான் நினைத்தேன். நாலு பேர் சேர்ந்து சிரித்தால் அவரும் சிரிப்பார், என்ன விஷயம் என்று கேட்கமாட்டார். ஒருமுறை ஹட்டன் பஸ்ஸில் அவராகவே சொன்னார்: "இஸ்டோருல நான் ஒரு ஆளு, அவ்வளவுதான் தம்பி. டிரம்ம மாட்டிட்டா தொரை காரே ஓரமா நின்னு வழி விடும்." சொல்லிவிட்டு டிரம்மின் ஓரத்தைத் தடவினார். ஸ்டோரை மூடிய பிறகு அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அவர் ஓடுகிறார் என்றுதான் எங்களுக்கும் பட்டது. ஊதுகிறவர்கள் எல்லாரும் ஒன்றாக இருக்கிறோம், டிரம் மட்டும் முந்திக்கொண்டு போகிறது என்றால் வேறு என்ன நினைப்பது? அந்த வருடம் முழுக்க மாஸ்டர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். டிரம் தோலை இழுத்து முறுக்கினார். அடிகோலின் தலையில் பழைய கம்பளித் துணியைச் சுற்றி என்னைப் புதிதாகத் தைக்கச் சொன்னார். நடையைக் குறைத்தார். டிரம்மை நடுவில் வைத்தார், பிறகு பின்னால் வைத்தார், பிறகு முன்னால் கொண்டுவந்தார். ஹட்டன் மைதானத்தில் எப்படி வைத்தாலும் பேண்ட் அழகாகச் சேர்ந்து வாசித்தது. செல்வராஜ் அண்ணன் ஒரு மயிரிழை முந்தவில்லை. அதனால் எந்த மாற்றம் சரி, எது சரியில்லை என்று சொல்லவே வழியில்லாமல் போயிற்று.

திருவிழா நெருங்கியபோது மாஸ்டர் கடைக்கு வந்து என் தையல் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்தார். டிரம்மை ராஜனிடம் கொடுக்க வேண்டியதுதான் என்றார். ராஜன் சைட் டிரம் என்கிற சின்ன டிரம் அடிக்கிறவன், கெட்டிக்காரன். செல்வராஜிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்றும் சொன்னார். கண்ணாடியைக் கழற்றவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. ஊதப் போகிற இடத்தில் நின்று சுருதி பார்க்க வேண்டும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள், அந்த வளைவில் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். என் புத்திசாலித்தனத்தால் சொன்னதல்ல. அந்த மனிதரிடமிருந்து டிரம்மை வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடத்தான் சொன்னேன்.

திருவிழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மஸ்கெலியா பஸ் ஏறினோம். பிற்பகல், வெயில் இருந்தது, ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. வளைவுக்கு முன்னால் ஒரு சின்னப் பாலம் உண்டு. அங்கே மாஸ்டர் எங்கள் வாத்தியங்களையெல்லாம் சுவரோரமாக வைக்கச் சொன்னார். செல்வராஜ் அண்ணன் மட்டும் முன்னால் டிரம் அடித்துக்கொண்டு போக வேண்டும், நாங்கள் சும்மா அந்த அடிக்குக் கால் வைத்துப் பின்னால் நடக்க வேண்டும். மாஸ்டர் பாலத்தருகில் ஓரமாக நின்றுகொண்டார்.

நடந்தோம். வாத்தியம் கையில் இல்லாமல் நடந்ததில்தான் அதை முதன்முதலாகக் கவனித்தேன். வளைவுக்குள் போனதும் டிரம் எனக்கு இரண்டு இடத்திலிருந்து கேட்டது. முன்னால் ஓர் அடி. அது முடிந்து கொஞ்சம் பிந்தி, தண்ணீருக்கு அந்தப் பக்கமிருந்து இன்னோர் அடி. என் கால் முதல் அடிக்கா இரண்டாவது அடிக்கா என்று தயங்கியது. எனக்கு முன்னால் போனவர்களின் கால்களைப் பார்த்தேன். எல்லாக் கால்களும் மெல்ல மெல்லப் பின்தங்கி, அக்கரையிலிருந்து வருகிற அடிக்கு விழ ஆரம்பித்திருந்தன. செல்வராஜ் அண்ணனின் கால் மட்டும் தன் டிரம்மோடு இருந்தது.

பின்னாலிருந்து மாஸ்டர் நிற்கச் சொன்னார். நின்றோம். செல்வராஜ் அண்ணன் நிற்கவில்லை. மாஸ்டர் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடியும் உரக்கக் கூப்பிட்டார். மணி கையைத் தட்டினான். அவர் போய்க்கொண்டே இருந்தார். அந்த அகலமான முதுகு, தோளில் குறுக்கே தோல்பட்டை, ஒவ்வோர் அடிக்கும் ஒரு கால். வளைவு முழுவதும் தனியாக, ஒரு பிசகும் இல்லாமல் அடித்துக்கொண்டு போனார். அக்கரை மலை ஒவ்வோர் அடிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. யூக்கலிப்டஸ் மரத்தடியில் திரும்பிப் பார்த்தபோதுதான் பின்னால் யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

திரும்பி வர அவருக்கு நேரமெடுத்தது. மாஸ்டர் எங்களை விலக்கிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேரே நின்றார். நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"எத்தன வருசமா இப்படி?"

செல்வராஜ் அண்ணன் எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். சமாளிக்கலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"ரொம்ப நாளாச்சுங்க மாஸ்டர். ரோலர் சத்தம். மொதல்ல எடது காது போச்சு, பொறகு மத்ததும். கிட்ட நின்னு மொகத்த பாத்து பேசுனா வெளங்கும். சொன்னா டிரம்ம வாங்கிருவீங்கன்னு சொல்லாம இருந்துட்டேன்."

சொல்லிக்கொண்டே தோல்பட்டையின் கொக்கியைக் கழற்ற ஆரம்பித்தார். ராஜனிடம் கொடுத்துவிடச் சொல்லி டிரம்மை எங்கள் பக்கம் நீட்டினார். ராஜன் ஓர் அடி பின்னால் போனான். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"பட்டய மாட்டு" என்றார். "காது கேக்கல, சரி. இத்தன நாளும் எத வச்சு அடிச்ச?"

"கால வச்சுத்தாங்க. எடது காலு தரையில படுறப்ப அடிப்பேன். முன்னுக்கு யாராச்சும் போனா அவுங்க குதிகாலப் பாப்பேன். அடி நெஞ்சுல வந்து இடிக்கும். அது தெரியும்."

மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அடி தண்ணீரைத் தாண்டிப் போய் மலையில் பட்டுத் திரும்பி வருகிறது, நாம் எல்லாரும் அந்தப் பிந்தின அடியை உண்மை என்று நம்பி அதன் பின்னால் போயிருக்கிறோம் என்றார். "அக்கரை மலை நம்ம எல்லாரையும் ஏமாத்திருச்சு. இவன மட்டும் ஏமாத்த முடியல. ஓடுனது இவன் இல்ல. பிந்துனது நாம."

மணிக்கு மனம் ஒப்பவில்லை. அவன் கெட்டவன் இல்லை, ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. காது கேட்காத ஆளை வைத்துக்கொண்டு பேண்ட் நடத்துகிறார்கள் என்று வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்கும் என்றான். செல்வராஜ் அண்ணன் அவன் வாயைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். காது கேட்கிற நாம் போன வருடம் வாசித்த வாசிப்புக்குச் சிரித்தார்களே, அது போதாதா என்று நான் கேட்டேன். கொஞ்சம் சூடாகவே கேட்டேன். மாஸ்டர் குடையால் தரையில் தட்டினார், பேச்சு நின்றது. ஆனால் திருவிழாவில் மறுபடியும் உடைந்தால் மணி சொல்வதைத் தடுக்க மாஸ்டராலும் முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

அன்று சாயங்காலம்வரை அந்த வளைவில் போய்ப் போய் வந்தோம். செல்வராஜ் அண்ணனை முதல் வரிசைக்கு நடுவில் வைத்தார் மாஸ்டர். அவருக்கு இரண்டு பக்கமும் நடப்பவர்கள் அவர் காலைப் பார்க்க வேண்டும். பின்னால் வருகிற ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் போகிறவரின் இடது குதிகாலைப் பார்க்க வேண்டும். தாளத்தைக் காதால் தேடக்கூடாது. நீட்டி ஊதுகிற சுரங்களையெல்லாம் அந்த இடத்தில் மட்டும் வெட்டி வெட்டிக் குறுகலாக ஊதச் சொன்னார், திரும்பி வருகிற சத்தம் அடுத்த சுரத்தின்மேல் வந்து படுத்துக்கொள்ளாமல் இருக்க. இரண்டு காதிலும் பஞ்சு வைத்துப் பார்த்தோம். தாளம் சேர்ந்தது, சுருதி கெட்டது. பிறகு தண்ணீர்ப் பக்கத்துக் காதில் மட்டும் பஞ்சு வைத்தோம். போகும்போது இடது காது, வரும்போது வலது காது. ஒரு தடவை மணி மாற்றி வைத்துக்கொண்டு அக்கரை மலையோடு சேர்ந்து ஊதினான்.

அந்த வாரம் கடையில் என் வேலை, எல்லாருடைய காற்சட்டைக் கால்களிலும் பின் விளிம்பில் வெள்ளைப் பட்டை வைத்துத் தைப்பது. கறுப்புக் காற்சட்டையும் கறுப்புச் சப்பாத்துமாக இருந்தால் நடக்கும்போது குதிகால் கண்ணுக்குப் பிடிபடவில்லை. வெள்ளைப் பட்டை வைத்ததும் ஒவ்வோர் அடியும் பளிச்சென்று தெரிந்தது. பார்க்கிறவர்கள் அதைப் புது மோஸ்தர் என்று நினைத்தார்கள். பஞ்சுக்கும் குறைவில்லை. கோட்டுத் தோள்பட்டைக்குள் வைக்கிற பஞ்சு கடையில் நிறைய இருந்தது.

திருவிழா அன்று செல்வராஜ் அண்ணன் டிரம்மோடு முதல் வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் தலைவரின் முகம் மாறிவிட்டது. நேராக மாஸ்டரிடம் வந்தார்.

"மாத்தச் சொன்னேனே மாஸ்டர்."

"மாத்தியாச்சுங்க" என்றார் மாஸ்டர். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று யூபோனியத்துக்குக் குடையைக் காட்டினார்.

கிளம்பினோம். தேயிலைக்கு நடுவே இறங்கும்வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாலம் கண்ணில் பட்டதும் நாக்கு வறண்டது. கிளாரினெட்காரனுக்கு நாக்கு வறண்டால் ஆபத்து. கோட்டுப் பையிலிருந்து பஞ்சை எடுத்து இடது காதில் அடைத்தேன். என் பின்னால் காவடிகள், அதற்குப் பின்னால் தேர், ரோட்டோரத்துக் கல்கட்டின் மேலெல்லாம் ஜனம். வளைவில் கால் வைத்தோம். முன்னால் போனவரின் வெள்ளைப் பட்டையைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. அது தரையைத் தொடுகிறபோது ஊதினேன், தொடுகிறபோது ஊதினேன். பஞ்சையும் தாண்டி அக்கரை மலை கொஞ்சம் கூப்பிட்டது. போகவில்லை. வலது காதில் ட்ரம்பெட்டுகள் எங்களோடு இருந்தன, டிராம்போன் இருந்தது. டிரம் அடி காலடியோடு ஒட்டியே விழுந்துகொண்டிருந்தது. மரத்தடிக்கு வந்து பஞ்சைப் பிடுங்கினேன். பேண்ட் முழுசாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஊதிக்கொண்டே அழுதால் சுருதி போய்விடும் என்று அடக்கிக்கொண்டேன்.

காவடிக்காரர்களில் ஒருவர்கூடக் கால் பிசகவில்லை. தேர் நிலைக்கு வந்த பிறகு தலைவர் மாஸ்டரிடம் வந்தார். நன்றாக இருந்தது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அடுத்த வருடமும் இதே ஆட்களோடு வந்துவிடுங்கள் என்றார். மணி போய் செல்வராஜ் அண்ணனின் டிரம்மைத் தோளிலிருந்து இறக்க உதவினான். அவன் மன்னிப்புக் கேட்கிற முறை அது.

கோயிலுக்குப் பின்னால் கொட்டகையில் சாப்பாடு போட்டார்கள். செல்வராஜ் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்து இலையை மடித்துவிட்டு என் முகத்துக்கு நேரே திரும்பி உட்கார்ந்தார்.

"தம்பி, எப்படி இருந்துச்சு?"

நன்றாக இருந்தது என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"அத எல்லாரும் சொல்லிட்டாங்க. எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க."

இத்தனை வருடம் ஊதியிருக்கிறேன். சத்தம் எப்படி இருந்தது என்று வாயால் சொல்லும்படி என்னை யாரும் கேட்டதில்லை. கோயில் வாசலிலிருந்து ஆரம்பித்தேன். யூபோனியம் எப்படித் தொடங்கியது, அதன்மேல் மற்றவர்கள் எப்படி ஏறினார்கள், இறக்கத்தில் ட்ரம்பெட்டுகள் எந்த இடத்தில் சேர்ந்தன, தேயிலைக்கு நடுவே என் கிளாரினெட் எங்கே தனியாகப் போய் எங்கே திரும்பி வந்தது என்று தெரிந்தமட்டும் சொன்னேன். அவர் என் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு விரல் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பாலத்தைத் தாண்டி, வளைவுக்குள் போய், அவருடைய அடி தண்ணீர்மேல் போய்த் திரும்பியது என்று நான் சொன்னபோது அந்த விரல் நின்றது.

"அந்த எடத்த மட்டும் மெதுவா சொல்லுங்க தம்பி" என்றார்.

பாலத்துக்குத் திரும்பிப் போய், மறுபடியும் சொன்னேன்.